நிறுவனம் என்னும் பேரறிவும் நீங்கள் அழித்த மூன்று வரிகளும்

வாசகர் கடிதத்துக்கு நிறுவன உளவியல் ஆலோசகரின் பதில்

கடிதத்தின் சுருக்கம்

பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம் என்ற வேண்டுகோளுடன் ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வயது முப்பத்தெட்டு. மருத்துவக் கருவிகள் தயாரிக்கும் பெரிய நிறுவனமொன்றின் இடர் மதிப்பீட்டுப் பிரிவில் பதினோரு ஆண்டுகளாகப் பணிபுரிகிறார். கருவியின் வடிவமைப்பில் மாற்றம் செய்யப்படும்போதெல்லாம் இரண்டு பொறியாளர்கள் தனித்தனியே சரிபார்த்துக் கையொப்பமிடுவது அங்கு வழக்கம். அந்த இரண்டில் ஒன்றை இனிச் செயற்கை நுண்ணறிவு மென்பொருளுக்கு விட்டுவிடலாம் என்று ஒரு குழு முடிவெடுத்திருக்கிறது. குழுவில் இவரும் ஓர் உறுப்பினர். கூட்டத்தில் ஆட்சேபம் தெரிவித்தபோது, இவர் மிகவும் மதிக்கும் மேலதிகாரி பொறுமையாக இரண்டு வாதங்களை முன்வைத்தார். முதலாவது: “இந்த நிறுவனமே மனிதரை விஞ்சிய ஓர் அறிவு. நாற்பது ஆண்டுகளாகத் தன்னைத்தானே மேம்படுத்திக்கொண்டு வருகிறது. நீங்களும் நானும் அதன் உயிரணுக்கள். மூளையோடு உயிரணு வாதாடுமா?” இரண்டாவது: “இத்தகைய பேரறிவுகளோடு மனிதர்கள் நூற்றாண்டுக் கணக்கில் வாழ்ந்துவிட்டார்கள், ஒன்றும் ஆகிவிடவில்லை, இன்னொரு வகைப் பேரறிவு வந்தால் மட்டும் ஏன் அஞ்ச வேண்டும்?” அன்று மாலை, கூட்டக் குறிப்பின் வரைவிலிருந்த தம் ஆட்சேபத்தின் மூன்று வரிகளைத் தாமே அழித்துவிட்டதாகவும், இனி அவற்றைத் திரும்பச் சேர்க்க முடியாது என்றும் எழுதுகிறார். அழிப்பதற்கு முன் அந்த வரைவைத் தம் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பி வைத்திருக்கிறார். மூன்று வாரங்களாகத் தூக்கம் சரியில்லை. மேலதிகாரி சொன்னது உண்மையா, முடிவு குழுவினுடையது என்பதால் தமக்குப் பொறுப்பில்லை என்று இருந்துவிடலாமா, வேலையை விட்டுவிடுவது நல்லதா என்று கேட்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை, இது தத்துவக் கேள்வி என்று தோன்றியது. இரண்டாம் முறை படிக்கையில், எல்லாமே அந்த மூன்று வரிகளைச் சுற்றித்தான் நிற்கிறது என்று புரிந்தது. ஆயினும் தத்துவத்திலிருந்தே தொடங்குகிறேன். உங்களை யாரும் அதட்டி அடக்கவில்லை. ஒரு வாதம் உங்களை வாயடைக்கச் செய்திருக்கிறது. அப்படி வாயடைத்தவரிடம் தைரியமாக இருங்கள் என்று சொல்வதால் பயனில்லை. வாதத்தில் ஓட்டை எங்கே என்று காட்டியாக வேண்டும்.

மேலதிகாரி சொன்னதில் உண்மை எவ்வளவு?

கணிசமாக உண்டு, அதை மறைத்துவிட்டு உங்களுக்கு ஆறுதல் சொன்னால் அடுத்த கூட்டத்தில் நீங்கள் மறுபடியும் தோற்பீர்கள். குண்டூசி செய்யும் வேலையைப் பத்துப் பேர் பகுத்துக்கொண்டு செய்தபோது ஒரு நாளைக்கு 48,000 ஊசிகள் வந்ததையும், அதே ஆள் தனியாக எல்லாப் படிகளையும் செய்தால் இருபதுகூட வந்திருக்காது என்பதையும் ஆடம் ஸ்மித் 1776-இலேயே எழுதிவிட்டார். நிலவில் மனிதனை இறக்கிய அப்பல்லோ திட்டத்தில் ஏறத்தாழ நான்கு லட்சம் பேர் உழைத்தார்கள். அந்த விண்கலத்தை முழுமையாக அறிந்த ஒரு தனிமனிதர் எக்காலத்திலும் இருந்ததில்லை. ஹிக்ஸ் என்னும் அணு உட்துகளின் நிறையைத் துல்லியமாக அளந்து 2015-இல் வெளியான ஆய்வுக் கட்டுரையில் 5,154 ஆசிரியர்களின் பெயர்கள் இருந்தன. ஒரு மனிதரால் ஆயுள் முழுதும் செய்ய முடியாததைச் செய்வதுதான் மனிதரை விஞ்சிய அறிவு என்றால், நிறுவனங்கள் அந்தத் தேர்வில் எப்போதோ தேறிவிட்டன.

ஆனால் விஞ்சுதல் என்ற சொல்லுக்குள் இரண்டு பொருள்கள் ஒளிந்திருக்கின்றன. அகலத்தால் விஞ்சுவது ஒன்று: பல கைகள், பல கண்கள், ஒரே நேரத்தில் பல வேலைகள், ஆட்கள் போனாலும் தொடரும் ஆயுள். ஆழத்தால் விஞ்சுவது மற்றொன்று: கூட்டத்தில் யாருக்குமே எட்டாத ஓர் எண்ணத்தை எண்ணுவது. முதலாவது இருப்பதைக் காட்டி இரண்டாவதும் இருக்கிறது என்று உங்கள் மேலதிகாரி முடித்துவிட்டார்.

இந்த வேறுபாட்டுக்கு ஒரு சதுரங்க ஆட்டத்தை உதாரணமாகச் சொல்வேன். 1999-இல் உலகச் சதுரங்க வாகையர் காஸ்பரோவ் தனியாகவும் உலகம் மறுபக்கமாகவும் இணையத்தில் ஆடினார்கள். 75-க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து ஐம்பதாயிரத்துக்கும் அதிகமானோர் வாக்களித்து ஒவ்வொரு காயையும் நகர்த்தினார்கள். இளம் வல்லுநர்கள் பரிந்துரை தந்தார்கள். ஒரு நகர்வுக்கு ஒரு நாள் அவகாசம். அந்தக் கூட்டம் தன் உறுப்பினர்களில் பெரும்பாலோரைவிட வெகு சிறப்பாகவே ஆடியது. நான்கு மாதம் இழுத்த ஆட்டத்தில், 62 நகர்வுகளுக்குப் பிறகு, வென்றவர் காஸ்பரோவ். ஐம்பதாயிரத்தை ஐம்பது லட்சமாக்கியிருந்தாலும் முடிவு மாறியிருக்கும் என்று சொல்ல முடியாது; தலைகளைக் கூட்டினால் அகலம் கூடும், ஆழம் அதே விகிதத்தில் கூடுவதில்லை. இதற்கு எதிரே 2017-இல் வந்த ஆல்பாசீரோ என்னும் செயற்கை நுண்ணறிவு மென்பொருளை வைத்துப் பாருங்கள். விதிகளை மட்டும் கொடுத்து, தன்னோடு தானே ஆடவிட்டார்கள். சில மணி நேரத்தில், அன்றைய மிக வலுவான சதுரங்க மென்பொருள்களில் ஒன்றை அது முந்திவிட்டது. எத்தனை மனிதர்களை எப்படிக் குழுவாக்கினாலும் அந்த மென்பொருளை வெல்லும் நிறுவனத்தைக் கட்ட முடியும் என்று இன்று யாரும் நினைப்பதில்லை.

தன்னைத்தானே மேம்படுத்திக்கொள்கிறதா?

இந்தச் சொற்றொடருக்கு ஒரு குறிப்பிட்ட பொருள் உண்டு. இரண்டாம் உலகப் போரில் கணினியியல் முன்னோடி டூரிங்கோடு பணியாற்றிய கணிதவியலாளர் ஐ.ஜே. குட் 1965-இல் அதை எழுதினார். அறிவுசார் வேலைகள் அனைத்திலும் மனிதரை மிஞ்சும் இயந்திரம் ஒன்று இருக்குமானால், இயந்திரம் வடிவமைப்பதும் ஓர் அறிவுசார் வேலையாதலால், அது தன்னைவிடச் சிறந்த இயந்திரத்தை வடிவமைக்கும். அது இன்னும் சிறந்ததை வடிவமைக்கும். இப்படியே அறிவு வெடித்துப் பெருகும் என்றார். இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: மேம்படுவது சிந்திக்கும் உறுப்பே. ஒவ்வொரு சுற்றிலும் அடுத்த மேம்பாட்டைச் செய்யும் திறனும் சேர்ந்து வளர்கிறது.

நிறுவனத்தில் மேம்படுவது எது? விதிமுறைகள் திருந்துகின்றன, கருவிகள் திருந்துகின்றன, பயிற்சி திருந்துகிறது. அதனால் பலனும் உண்டு. விமானத் தயாரிப்பில் மொத்த உற்பத்தி இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் ஒரு விமானத்துக்கான உழைப்பு ஏறத்தாழ இருபது விழுக்காடு குறைகிறது என்று 1936-இல் விமானப் பொறியாளர் டி.பி. ரைட் காட்டினார். ஆனால் அந்தக் கணக்கையே சற்றுக் கூர்ந்து பாருங்கள். நூறாவது விமானத்திலிருந்து இருநூறாவதற்குப் போகையில் கிடைத்த குறைவு மறுபடியும் கிடைக்க நானூறாவது வரை காத்திருக்க வேண்டும், அதற்கடுத்தது எண்ணூறில். வெடித்துப் பெருகும் வளர்ச்சியின் கோடு இப்படி இருக்காது. கற்றது கையில் நிலைப்பதும் இல்லை. 1970-களில் லாக்ஹீட் டிரைஸ்டார் விமானத்தின் உற்பத்தி குறைந்த காலத்துக்குப் பிறகு, ஒரு விமானத்துக்கான உழைப்பு நேரம் மீண்டும் ஏறியதைப் பொருளியல் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். கற்றிருந்த கைகள் வேறு இடம் போய்விட்டன, நிறுவனம் மறந்துவிட்டது.

சிந்திக்கும் உறுப்பு மட்டும் மாறுவதே இல்லை. நிறுவனத்தின் மூளை என்று எதைச் சொன்னாலும் அது உங்களைப் போன்ற, மேலதிகாரியைப் போன்ற மனிதர்களின் மூளைதான். புதிதாக வேலையில் சேர்பவர் முதலிலிருந்து கற்க வேண்டும். ஓய்வு பெறுபவரின் தலையில் இருப்பதைப் படியெடுத்துக்கொள்ள வழியில்லை. இந்த மூளைகளை இணைக்கும் கம்பியோ பேச்சும் எழுத்தும் மட்டுமே. 17 மொழிகளை ஒப்பிட்ட 2019-ஆம் ஆண்டு ஆய்வு, வேகமாகப் பேசப்படும் மொழியோ நிதானமாகப் பேசப்படும் மொழியோ, எல்லாமே நொடிக்கு ஏறத்தாழ 39 பிட் என்ற அளவிலேயே செய்தியைக் கடத்துகின்றன என்று கண்டது. பத்துப் பேர் ஒவ்வொருவரும் மற்ற எல்லோரோடும் பேச 45 இணைப்புகள் இருந்தால் போதும். நூறு பேருக்கு 4,950 தேவை. உங்கள் அலுவலகத்தில் ஏன் எந்நேரமும் கூட்டம் நடக்கிறது என்பதற்கு இதைவிட நேரடியான விளக்கம் எனக்குத் தெரியாது.

மேலதிகாரிக்குச் சாதகமாக ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நிறுவனத்தை விட்டுவிட்டு, எழுத்தும் அச்சும் அறிவியலும் வணிகமும் சேர்ந்த முழு மனித குலத்தையும் எடுத்துக்கொண்டால், அது தன் அறிவைக்கொண்டு தன் அறிவைப் பெருக்கியிருக்கிறது என்பதை மறுக்க மாட்டேன். இன்றைய சில்லுகளை வடிவமைக்கும் கணினிகள் நேற்றைய சில்லுகளால் ஆனவை. ஆனால் மனித குலம் கூட்டம் போட்டு உங்கள் ஆட்சேபத்தை நிராகரிக்கவில்லை. நிராகரித்தது ஒன்பது பேரோ பத்துப் பேரோ அமர்ந்த ஓர் அறை.

உயிரணு வாதாடுமா?

அந்த அறைக்குள் போவோம். மூளையிலுள்ள நரம்பணுவுக்குத் தனியாக எதுவும் தெரியாது. ஆகவே அது வாதாடாது. நீங்களோ, அந்தக் குழுவில் வேறு யாருக்கும் தெரியாத ஒன்றைப் பதினோரு ஆண்டு அனுபவத்தால் தெரிந்து வைத்திருக்கிறீர்கள். அதனால் உவமை தொடக்கத்திலேயே முறிந்துவிடுகிறது. இதைவிட முக்கியமானது, நிறுவனத்தை மனிதரைவிடப் புத்திசாலியாக்குவதே, அதிலுள்ளவர்கள் உயிரணுக்களைப் போல் நடந்துகொள்ளாததுதான் என்பது.

1785-இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் கோண்டார்சே போட்ட கணக்கு ஒன்று உண்டு. ஒரு கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்லும் வாய்ப்பு ஒவ்வொருவருக்கும் அறுபது விழுக்காடு என்று கொள்ளுங்கள். 101 பேர் ஒருவரையொருவர் பாராமல் வாக்களித்தால், பெரும்பான்மை சரியாக இருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 98 விழுக்காடாக உயர்ந்துவிடும். மந்திரம் போன்ற உயர்வு. ஆனால் அந்த 101 பேரும் மேசையின் தலைமாட்டில் இருப்பவரின் முகத்தைப் பார்த்துக் கையை உயர்த்தினால், வாய்ப்பு மீண்டும் அறுபதுக்கே வந்து நிற்கும். நூறு பேரின் சம்பளம்தான் கூடுதல். இந்தப் பேரறிவு குடியிருப்பது, ஒருவர் இன்னொருவரிடமிருந்து மாறுபடும் அந்த இடைவெளியில். நீங்கள் மூன்று வரிகளை அழித்தபோது மூளைக்குக் கீழ்ப்படியவில்லை, சகோதரி. மூளையிலிருந்து ஒரு துண்டை எடுத்துவிட்டீர்கள்.

ஆய்வகத்திலும் இது தெரிகிறது. 699 பேரைச் சிறு குழுக்களாக்கிப் பல்வகைச் சிக்கல்களைத் தீர்க்க வைத்த 2010-ஆம் ஆண்டு ஆய்வில், குழுவின் திறனுக்கும் அதிலிருந்த மிகப் பெரிய புத்திசாலியின் திறனுக்கும் வலுவான தொடர்பு இல்லை. பேச்சு ஒரு சிலரிடமே தேங்காமல் எல்லோருக்கும் பங்கிடப்பட்ட குழுக்களும், பிறர் முகக்குறிப்பைப் படிக்கத் தெரிந்தவர்கள் இருந்த குழுக்களும் மேலாகச் செயல்பட்டன. என் தொழிலில் ஒருமுறை, ஒரு நிறுவனத்தின் திட்டக் குழுவினர் ஒன்பது பேரைத் தனித்தனியே சந்தித்தேன். குறித்த தேதிக்குள் வேலை முடியாது என்று ஒன்பது பேரும் சொன்னார்கள். மறுநாள் அதே ஒன்பது பேரும் கூட்டத்தில் அந்தத் தேதியை ஒருமனதாக உறுதி செய்தார்கள். ஒன்பது பேருக்கும் தெரிந்த ஒன்று நிறுவனத்துக்குத் தெரியவில்லை. நான் அந்த அறையின் ஓரத்தில் தேநீர்க் கோப்பையோடு உட்கார்ந்திருந்தேன். இன்றும் அந்த அமைதி நினைவிருக்கிறது.

நாசாவின் கதையை இதோடு சேர்த்துப் படியுங்கள், ஏனென்றால் உங்கள் மேலதிகாரி சொன்ன இலக்கணத்துக்கு அதைவிடப் பொருத்தமான நிறுவனம் கிடைக்காது. 1977-இல் ஸ்பெயினின் டெனெரிஃப் தீவு ஓடுபாதையில் இரண்டு விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். ஓடுபாதையில் மற்ற விமானம் இன்னும் இருக்கிறதோ என்று விமானப் பொறியாளர் கேட்ட கேள்வியைத் தலைமை விமானி தட்டிக்கழித்தது பதிவாகியிருந்தது. விமானி அறையில் இளையவர் சொல்வதை மூத்தவர் கேட்பது எப்படி என்று 1979-இல் பயிலரங்கு நடத்தி, உலக விமானத் துறைக்கே வழிகாட்டியது நாசா. தவறுகளை அஞ்சாமல் தெரிவிப்பதற்கான இரகசிய அறிக்கை முறையை 1976 முதலே அமெரிக்க விமானத் துறைக்காக நடத்தி வருவதும் அதே நாசாதான். அந்தப் பயிலரங்குக்கு ஏழு ஆண்டுகள் கழித்து, 1986 ஜனவரி 27 இரவு, சேலஞ்சர் விண்ணோடத்தின் உந்துபொறியைத் தயாரித்த நிறுவனத்தின் பொறியாளர்கள், குளிரில் ரப்பர் வளையங்கள் இறுகிவிடும், ஏவ வேண்டாம் என்று தொலைபேசிக் கூட்டத்தில் மன்றாடினார்கள். நாசா தரப்பு அதிருப்தி காட்டியது. இடைவேளையில், தயாரிப்பு நிறுவனத்தின் உயரதிகாரி ஒருவர் பொறியியல் பிரிவுத் தலைவரிடம், பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு நிர்வாகத் தொப்பியைப் போட்டுக்கொள்ளச் சொன்னார். மறுநாள் காலை ஏவப்பட்ட 73 நொடிகளில் விண்ணோடம் சிதறியது, அதிலிருந்த ஏழு பேரும் மாண்டார்கள். விண்ணோடம் அழியும் வாய்ப்பு லட்சத்தில் ஒன்று என்று நிர்வாகமும் நூற்றில் ஒன்று என்ற அளவில் பொறியாளர்களும் மதிப்பிட்டிருந்ததை விசாரணையில் இயற்பியலாளர் ஃபைன்மன் எடுத்துக்காட்டினார். ஒரு மாடியில் இருந்த அறிவு மறு மாடிக்கு ஏறவே இல்லை.

பிறகாவது கற்றதா? 2003-இல் கொலம்பியா ஏவப்பட்ட 82-ஆவது நொடியில் நுரைத் துண்டு ஒன்று இறக்கையில் மோதியது. சேதத்தைப் படமெடுத்துப் பார்க்க வேண்டும் என்ற கோரிக்கை கைவிடப்பட்டபோது, அது தவறான முடிவு, பொறுப்பின்மையின் எல்லையைத் தொடும் முடிவு என்று ஒரு பொறியாளர் மின்னஞ்சல் தட்டச்சு செய்தார். அச்செடுத்துச் சக ஊழியரிடம் காட்டினார். அனுப்பவில்லை, படிநிலையைத் தாண்ட அவருக்கு மனம் வரவில்லை. விண்ணோடம் திரும்பி வரும்போது சிதறியது. மீண்டும் ஏழு பேர். நுரைத் துண்டுக்கு எவ்வளவு பங்கு உண்டோ அவ்வளவு பங்கு நிறுவனப் பண்பாட்டுக்கும் உண்டு என்று விசாரணைக் குழு எழுதியது. மொத்தம் 135 பயணங்களில் இரண்டு விண்ணோடங்கள் அழிந்தன. நூற்றில் ஒன்று என்றவர்களின் மதிப்பீடே நெருங்கி வந்தது. அனுப்பப்படாத அந்த மின்னஞ்சலைப் பற்றி நான் எழுதுவது உங்களைக் குற்றவுணர்வில் ஆழ்த்துவதற்காக அல்ல. அந்த மனிதர் கோழையும் அல்லர். முடிவை மேலிடத்தின் தீர்ப்புக்கே, உங்களைப் போலவே, விட்டுவிட்டார்.

“ஒன்றும் ஆகிவிடவில்லையே”

இரண்டாவது வாதத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை, ஏனெனில் அது தகவல் பிழை. புகையிலை இருபதாம் நூற்றாண்டில் மட்டும் பத்துக் கோடிப் பேரைக் கொன்றது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. 1950-களில் புற்றுநோய்த் தொடர்பு வெளிச்சத்துக்கு வந்த பிறகும் பத்தாண்டுக் கணக்கில் அந்த வணிகத்தைத் தற்காத்தவை, மிகத் திறமையான மனிதர்கள் நிறைந்த நிறுவனங்களே. பெட்ரோலில் ஈயம் கலக்கும் முறை 1920-களில் தொடங்கியது. ஈயம் நஞ்சு என்பது அப்போதே தெரியும், ஆலைத் தொழிலாளர்கள் 1924-இலேயே இறந்தார்கள். கார்களுக்கு அந்த எரிபொருளை விற்பனை செய்த கடைசி நாடு அதை நிறுத்தியது 2021-இல். இவற்றில் யாரும் தீமையை விரும்பிச் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. தனிமனிதர் எவரும் விரும்பாத ஒன்றை நிறுவனம் விரும்ப முடியும் என்பதே இங்கு பாடம்.

இத்தனைக்கும் பிறகு நாம் பிழைத்திருக்கிறோம் என்றால், அதற்குக் காரணம் நிறுவனங்களுக்குள்ளேயே தடைக்கட்டைகள் இருப்பதுதான். நிறுவனத்தின் ஒவ்வோர் உறுப்பும் ஒரு மனிதர்: களைத்துப்போவார், மனசாட்சி உறுத்தும், வேலைநிறுத்தம் செய்வார், ஆவணத்தை வெளியே கொடுப்பார், கையொப்பமிட மறுப்பார். வெளியிலிருந்து சட்டமும் போட்டியும் ஒழுங்குமுறை அமைப்பும் இழுத்துப் பிடிக்கின்றன. அவற்றை நடத்துவோரும் அதே வேகத்தில் சிந்திக்கும் மனிதர்கள். மனித உறுப்பே இல்லாத, தன்னைப் படியெடுத்துக்கொள்ளக்கூடிய ஓர் அறிவில் இந்தத் தடைக்கட்டைகள் எவையும் தாமாக இருக்கப்போவதில்லை. யாரோ ஒருவர் திட்டமிட்டுப் பொருத்த வேண்டும். ஆகவே நிறுவனங்களோடு வாழ்ந்த அனுபவம் அலட்சியத்துக்கு ஆதாரமாகாது. உங்கள் குழு நீக்க முடிவெடுத்தது இரண்டு தடைக்கட்டைகளில் ஒன்றைத்தான் என்பதை மேலதிகாரி கவனித்தாரா என்று தெரியவில்லை.

இனி உங்கள் முன் உள்ள வழிகள்

முதலில் பொறுப்பு. குழு முடிவெடுத்துவிட்டால் தனிமனிதருக்குப் பொறுப்பில்லை என்பது பரவலான தவறான எண்ணம். நீங்கள் கையொப்பமிடும் தாளுக்குத் தொழில்முறைப் பொறுப்பு உங்களுடையதே. சட்டப் பொறுப்பு எவ்வளவு என்பது நாட்டுக்கு நாடு, பதவிக்குப் பதவி மாறும். மறுபக்கம், முழுச் சுமையையும் நீங்களே தூக்கிக்கொண்டிருப்பதும் தவறு. உங்கள் கடமை, தெரிந்ததைத் தெளிவாகச் சொல்லிப் பதிவு செய்வது. அதைத் தாண்டி விளைவுகள் எல்லாவற்றுக்கும் தனி ஒருவராக ஈடு சொல்ல உங்களால் முடியாது. உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது இந்த இரண்டாவது சுமைதான் என்று கருதுகிறேன். இன்னும் இரண்டு வாரத்தில் தூக்கம் சீராகவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள். இதை மன உறுதியால் சரிசெய்யும் விஷயமாக வைத்துக்கொள்ள வேண்டாம்.

அடுத்தது ஆட்சேபத்தின் வலு. ஆட்சேபிப்பவர் எப்போதும் சரியாகவே சொல்வார் என்பதில்லை. உங்கள் ஆட்சேபமும் தவறாக இருக்கக்கூடும். சேலஞ்சருக்கு முந்திய இரவில் பொறியாளர்களை வீழ்த்தியதில், தங்கள் அச்சத்தை எண்களாகக் காட்ட அவர்களால் இயலாமல் போனதற்கும் பங்குண்டு. ஆகவே “எனக்குச் சரியாகப் படவில்லை” என்பதோடு நிற்காதீர்கள். உங்கள் துறையிலேயே பிடிமானம் இருக்கிறது. மருத்துவக் கருவித் தயாரிப்பாளர்களுக்கான ஐஎஸ்ஓ 13485 தரநிலையின் 2016 பதிப்பு, தர மேலாண்மையில் பயன்படுத்தும் மென்பொருளைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவருவதற்கு முன்பே சோதித்து ஏற்புடைமையை நிறுவ வேண்டும் என்கிறது. அந்தச் சோதனை நடந்ததா, அறிக்கை எங்கே என்று கேளுங்கள். உங்கள் துறையின் முன்னுதாரணமும் உண்டு: தெராக்-25 கதிர்வீச்சுச் சிகிச்சைக் கருவி. அதன் முந்தைய மாதிரியில் மின்னியல் தடுப்புகள் தனியே இருந்தன. புதியதில் அவற்றை நீக்கிப் பாதுகாப்பை மென்பொருளிடம் ஒப்படைத்தார்கள். 1985 முதல் 1987 வரை குறைந்தது ஆறு பேருக்கு அளவுக்கு மீறிய கதிர்வீச்சு பாய்ந்தது, சிலர் இறந்தார்கள். அதே வகைப் பிழை பழைய மாதிரியின் மென்பொருளிலும் இருந்தது பின்னர் தெரியவந்தது. அங்கு தடுப்புகள் இருந்ததால் யாருக்கும் தீங்கு நேரவில்லை. இரண்டாவது கையொப்பம் எதற்கு என்று யாராவது கேட்டால் இந்த ஒரு கதை போதும்.

மாற்று யோசனை ஒன்றையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மென்பொருளை மறுப்பதற்குப் பதிலாக, ஆறு மாதம் மூன்றாவது கண்ணாக ஓடவிடலாம் என்று சொல்லுங்கள். இரண்டு பொறியாளர்களும் வழக்கம்போல் கையொப்பமிடட்டும். மென்பொருளின் தீர்ப்பு அவர்களுக்குக் காட்டப்படாமல் தனியே பதிவாகட்டும். எங்கெங்கே மாறுபட்டது, மாறுபட்டபோது யார் சரி என்று எண்ணிப் பார்த்த பிறகு குழு முடிவெடுக்கலாம். அப்போது மென்பொருள் உங்களைவிட நன்றாகச் செய்திருந்தால், அதை ஒப்புக்கொள்ளும் நேர்மையும் உங்களிடம் இருக்க வேண்டும்.

அழித்த வரிகளைத் திரும்பச் சேர்க்க முடியாது என்று எழுதியிருக்கிறீர்கள். முடியும். கூட்டக் குறிப்பு அடுத்த கூட்டத்தில் உறுதி செய்யப்படும் வரை அது வரைவே. திருத்தம் கோருவது உறுப்பினரின் இயல்பான உரிமை. உறுதி செய்யப்பட்டுவிட்டிருந்தாலும், தேதியிட்ட தனிக் குறிப்பாக இடர் மேலாண்மைக் கோப்பில் சேர்க்கக் கேட்கலாம்.

உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கு வரைவை அனுப்பியது தற்காப்பு என்று நினைத்திருக்கிறீர்கள். பெரும்பாலும் அது எதிர்விளைவையே தரும். பல நிறுவனங்களின் பணி ஒப்பந்தத்தில் அது இரகசியக் காப்பு மீறலாகவே கருதப்படும், பேச வேண்டிய விஷயத்தை விட்டுவிட்டு அதையே பிடித்துக்கொள்வார்கள். அந்தப் படியை யாருக்கும் அனுப்பவும் வேண்டாம், அவசரப்பட்டு அழிக்கவும் வேண்டாம். தொழிலாளர் சட்டம் அறிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் முதலில் கேளுங்கள். குறைகளை வெளிப்படுத்தும் ஊழியர்களைக் காக்கும் சட்டம் இன்று பல நாடுகளில் உண்டு. ஆனால் எங்கே முறையிட வேண்டும், எந்த வரிசையில், எவ்வளவு காலத்துக்குள் என்பதில் சட்டத்துக்குச் சட்டம் வேறுபாடு அதிகம். நீங்கள் இருக்கும் கட்டத்தில் வெளியே போக வேண்டிய தேவையும் வரவில்லை, உள்ளே கேட்க வேண்டியவர்களிடமே இன்னும் முழுமையாகக் கேட்கவில்லை.

ஆபத்தைப் பற்றி இனிப்பாகப் பேச மாட்டேன். சேலஞ்சர் விஷயத்தில் எச்சரித்த ரோஜர் போய்ஜோலி, பின்னர் சக ஊழியர்களால் ஒதுக்கப்பட்டு வேலையைவிட்டே விலகினார். ஏவுவதற்கான பரிந்துரையில் கையொப்பமிட மறுத்த ஆலன் மெக்டொனால்டும் ஓரங்கட்டப்பட்டார். அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் தலையிட்ட பின், அந்த உந்துபொறி இணைப்பைப் புதிதாக வடிவமைக்கும் பணிக்கு அவரே தலைமை தாங்கினார். இரண்டு முடிவுகளும் நடக்கக்கூடியவை. உங்கள் மேலதிகாரி உங்களை மிரட்டாமல் வாதாடினார் என்பதை வைத்துப் பார்த்தால், உங்கள் வாய்ப்பு அவர்களுடையதைவிட நன்றாகவே தெரிகிறது. வாதத்தை மதிப்பவரிடம் வாதத்தோடு போகலாம். ஆகவே வேலையை விடுவது பற்றி இப்போது முடிவெடுக்க வேண்டாம். எழுத்தில் வைத்த ஆட்சேபத்தைப் பதிவு செய்யவே மறுத்தால், அல்லது உங்கள் கண்ணுக்குத் தவறெனத் தெரியும் தாளில் கையொப்பமிட நிர்ப்பந்தித்தால், அப்போது அந்தக் கேள்வியை மறுபடியும் எடுத்துக்கொள்ளலாம்.

கூட்டத்துக்கு முந்தின நாள் மேலதிகாரியைத் தனியே சந்தித்து, என்ன எழுதப்போகிறீர்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்; பலர் முன் திடீரென எதிர்க்கப்படுவதை எவரும் விரும்ப மாட்டார்கள். குறிப்பு அரைப் பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். முதல் வரியில் எந்தச் சோதனை அறிக்கையை இன்னும் பார்க்கவில்லை என்பதும், இரண்டாவதில் எந்த வகைப் பிழையை மென்பொருள் தவறவிடும் என்று எதை வைத்துக் கருதுகிறீர்கள் என்பதும், மூன்றாவதில் அந்த ஆறு மாத யோசனையும் இருந்தால் போதும்.